கொட்டச்சேட்டில் எடுத்த போட்டோ

எழுபதுகளின் கடைசியில் ஏற்காட்டில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் ஆசிரியையாக இருந்தேன். சேலத்திலிருந்து வேலைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. பக்கத்து மலைக்கிராமமான கொட்டச்சேட்டுக்கு வெளிநாட்டிலிருந்து ஒரு பாதிரியார் வந்திருக்கிறார், சனிக்கிழமைதோறும் போய் ஒத்தாசை செய் என்று தலைமையாசிரியை சொன்னார்.

"அவருக்குத் தமிழ் நல்லாவே தெரியும். நீ சும்மா கூட இருந்தா போதும்."

என் இங்கிலீஷைக் காட்ட ஓர் ஆள் கிடைத்த சந்தோஷத்தில், இஸ்திரி போட்ட சேலையோடு பஸ் ஏறினேன்.

அவருக்குத் தமிழ் தெரிந்துதான் இருந்தது. தன் நாட்டிலேயே இரண்டு வருஷம் புத்தகம் வைத்துப் படித்திருந்தார். அவர் குடியிருந்த வீட்டுக்கு அடுத்த வீட்டில், எஸ்டேட்டில் காப்பிப்பழம் பறிக்கப் போகும் ஓர் அம்மா இருந்தார். முதல் நாள் என் எதிரிலேயே அவரிடம், "அம்மையீர், தங்கள் இல்லத்தில் யாவரும் நலமா?" என்று கேட்டார்.

அந்தம்மா என் பக்கம் திரும்பினார். "ஏனுங்க டீச்சர், தொரை இங்கிலீசுல என்னங்க கேக்கறாரு?"

"ஊட்டுல எல்லாரும் சௌக்கியமான்னு கேக்கறாருங்க."

"அட, நொம்ப சௌக்கியமுங்க!"

அன்றிலிருந்து தமிழைத் தமிழாக்குவது என் உத்தியோகமாயிற்று.

துரை என்று அழைக்க வேண்டாம் என்று அவர் ஊராரைக் கேட்டுக்கொண்டார். "நான் துரை அல்லேன். உங்கள் ஊழியன்." அதையும் தமிழாக்கினேன். "சரிங்க தொரை" என்றார்கள்.

அடுத்த வாரம், தான் வந்த காரியத்தை அந்தம்மாவிடம் விளக்க ஆரம்பித்தார். ஆண்டவரின் நாமத்தை இவ்வூரார் கேள்வியுற்றதுண்டா என்றார். அந்தம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, "எங்க தாத்தன் காலத்துலயே ஞானஸ்நானம் ஆயிருச்சுங்க. தொரைக்கு ஆயிருச்சுங்களா?" என்றார். பாதிரியார் தனக்கும் ஆயிற்று என்று சொல்ல வேண்டியதாயிற்று. அந்தம்மாவுக்கு அதில் திருப்திதான்.

ஆனாலும் அவர் மனம் தளரவில்லை. மக்களோடு மக்களாக வாழப்போவதாக அறிவித்தார். மக்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதற்கு முன்பே வாழத் தொடங்கியதுதான் தவறு. கீழே ஓடும் ஓடையில் குனிந்து கையால் அள்ளிக் குடித்தார். மேலே அதே ஓடையில்தான் மாடு குளிப்பாட்டுவார்கள். ஊரில் எல்லாரும் மேட்டிலிருக்கும் ஊற்றுத் தண்ணீரைக் கொண்டுவந்து காய்ச்சிக் குடிப்பவர்கள். தொரை ஏதோ வேண்டுதலுக்காகக் குடிக்கிறார் என்று நினைத்து யாரும் தடுக்கவில்லை.

நாலாம் நாள் படுத்தார். மூன்று வாரம் எழவில்லை. டாக்டர் வந்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார். அந்தம்மாதான் காலையிலும் மாலையிலும் கேழ்வரகுக் கஞ்சி காய்ச்சிக் கொண்டுவந்தார். "இன்னும் ஒரு வாய் குடிங்க சாமி" என்று கெஞ்சி ஊட்டினார்.

பாதிரியாருக்குக் கண் கலங்கிவிட்டது. "இறுதியில் இவர் என்னைக் குருவாக ஏற்றுக்கொண்டார்" என்று என்னிடம் இங்கிலீஷில் சொன்னார். அந்தம்மா பிள்ளைகளையும் சாமி என்றுதான் கூப்பிடுவார், கன்றுக்குட்டியையும் அப்படித்தான் என்று அவரிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காய்ச்சல்காரர், பாவம்.

எழுந்து நடமாடத் தொடங்கியதும் அவருக்கு ஒரு கவலை பிடித்துக்கொண்டது. தன் நாட்டுச் சபையாருக்குப் போட்டோ அனுப்ப வேண்டும். இந்த மலையில் மக்கள் படும் கஷ்டத்தை அவர்கள் கண்ணால் பார்க்க வேண்டும். சனிக்கிழமை மாலை எல்லாரும் சர்ச் முன்னால் கூடட்டும் என்று சொல்லியனுப்பினார்.

கூடினார்கள். போட்டோ என்றால் சும்மாவா? அந்தம்மா கல்யாணச் சேலையைக் கட்டியிருந்தார். குழந்தைகளின் முகத்தில் பவுடர் அப்பியிருந்தது. எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வெள்ளை வேட்டி, வாட்ச், கையில் குடை சகிதம் நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்.

பாதிரியார் என்னைத் தனியாக அழைத்தார். "இவை திருவிழா ஆடைகள் அல்லவா? அன்றாட ஆடையில் வரச் சொல்லுங்கள். உண்மை நிலை தெரிய வேண்டும்."

நானும் அன்று என் நல்ல சேலையில்தான் வந்திருந்தேன். படத்தில் நான் இல்லை, எடுக்கப்போகிறவள். அதனால் என் சேலை தப்பித்தது. என்னங்க சொல்றாரு என்று ரைட்டர் கேட்க, வேறு வழியில்லாமல், "வேலைக்குப் போற துணியில வரச் சொல்றாருங்க" என்றேன்.

யாரும் நகரவில்லை. அந்தம்மா மட்டும் அவர் எதிரில் வந்து நின்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

"ஏனுங்க, உங்க ஊர்ல போட்டோ புடிக்கறப்ப அழுக்குத் துணியத் தேடிப் போட்டுக்குவீங்களா?"

இதை நான் தமிழாக்க வேண்டியிருக்கவில்லை. அவர் காது வரை சிவந்தார். "இல்லை" என்றார்.

"அப்புறம் என்னங்க? வந்து நில்லுங்க."

அவர் போய் அந்தம்மாவின் பக்கத்தில் நின்றார். நான் பொத்தானை அழுத்தினேன்.

படம் கப்பலேறியது. இரண்டு மாதம் கழித்து ஒரு பெரிய பார்சல் பெட்டி வந்தது. பிரித்தால், இரண்டு கம்பளிக் கோட்டு, கால்சட்டைகள், சத்து மாத்திரைப் புட்டிகள். துணியெல்லாம் பாதிரியாரின் அளவு. கூட ஒரு கடிதம். ஊர் இவ்வளவு செழிப்பாக இருப்பது கண்டு சபையார் மகிழ்ந்தார்களாம். ஆனால் அவர்களோடு தாடியும் தொளதொளத்த சட்டையுமாக நிற்கும் அந்த எலும்புக்கூட்டைப் பார்த்ததும் பெண்கள் அழுதுவிட்டார்களாம். அந்த நல்ல ஜனங்கள் உங்களுக்குக் கொஞ்சம் சாப்பாடு கொடுத்து உதவ மாட்டார்களா என்று கேட்டிருந்தார்கள்.

அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். பெட்டி மேலேயே உட்கார்ந்துகொண்டார். பிறகு, நான் அதுவரை கேட்டிராத சத்தத்தில் சிரிக்கத் தொடங்கினார். நானும் அடக்க முடியாமல் சிரித்தேன்.

ஒரு கோட்டு ரைட்டருக்குப் போயிற்று. அவர் அதைச் சித்திரை வெயிலிலும் கழற்றவில்லை. பதில் எழுத பாதிரியாருக்கு ஒரு வாரம் ஆயிற்று. மூன்று முறை எழுதிக் கிழித்தார். கடைசியில் எழுதியது சின்னக் கடிதம்தான்: "எனக்கு ஏற்கெனவே சாப்பாடு கொடுத்துக் காப்பாற்றியவர், படத்தில் என் இடது பக்கம் நிற்கும் அம்மா. அவர் கட்டியிருப்பது அவருடைய கல்யாணச் சேலை."

அதை ஏற்காட்டுத் தபாலாபீசில் போட்டது நான்தான்.