ஏறாத பயணி

என் அக்காவின் கணவர் பஸ் டிரைவர். அதே பஸ்ஸில் நான் கண்டக்டர். வீட்டில் அக்கா பேச்சுக்கும் பஸ்ஸில் தம்பி விசிலுக்கும் ஆடுகிற மனிதர் என்று டிப்போவில் அவரைக் கேலி செய்வார்கள். ஆனால் ஒரே ஓர் இடத்தில் மட்டும் என் விசில் அவரிடம் எடுபடாது.

பாலம் தாண்டி வரும் வளைவு அது. முன்பு அங்கே ஒரு நிறுத்தம் இருந்தது. இப்போது கம்பத்தைக்கூடப் பிடுங்கித் தள்ளி நட்டுவிட்டார்கள். ஆனாலும் காலை முதல் டிரிப்பில் மச்சான் அங்கேதான் நிறுத்துவார். முன்கதவு திறக்கும். யாரும் ஏறமாட்டார்கள். ஓர் ஆள் படியேறி வரும் நேரம்வரை காத்திருந்துவிட்டுக் கதவை மூடுவார். அவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கையில் யாரையும் உட்காரவிடமாட்டார். வண்டி பிதுங்கி வழிந்தாலும் அது காலியாகத்தான் வரும். கடைசி நிறுத்தத்தில் எல்லோரும் இறங்கிய பிறகும் வெறும் படியையே பார்த்துக்கொண்டிருப்பார்.

"அவனுக்கு டிக்கெட் கிழிக்கணுமா மச்சான்?" என்று ஒருநாள் எரிச்சலில் கேட்டுவிட்டேன்.

"கிழி மாப்ள," என்றார். அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை.

அந்த வளைவில் எங்கள் பஸ்ஸில் அடிபட்டு இறந்தவன் அவன். அச்சகத்தில் வேலை பார்த்த வாலிபன். அது நடந்த அன்று எனக்கு விடுமுறை. கிளம்பிவிட்ட பஸ்ஸைத் துரத்தி ஓடிவந்தவன் கதவுக் கம்பியை எட்டிப் பிடித்திருக்கிறான். கை வழுக்கிப் பின்சக்கரத்தில் விழுந்துவிட்டான். மச்சான்மேல் தப்பில்லை என்று விசாரணையை முடித்துவிட்டார்கள். அவன் ஓடிவந்ததை அவர் கண்ணாடியில் பார்த்தார். 'அடுத்த வண்டியில் வரட்டுமே' என்று நினைத்தார். இதைக் கடவுளிடமும் அக்காவிடமும் என்னிடமும்தான் அவர் சொன்னார்.

மனம் திருந்தி வருகிறவனை மன்னிப்பதாகக் கடவுள் வாக்குக் கொடுத்திருக்கிறார் என்று ஊருக்கெல்லாம் ஆறுதல் சொன்ன மனிதர் அவர். தனக்கென்று வந்தபோது அந்த வாக்கு அவரிடம் செல்லாக்காசாகிவிட்டது. எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது.

"மன்னிச்சேன்னு கடவுளே சொன்னா போதாதாங்க?" என்று அக்கா அழுவாள்.

"மன்னிச்சிருந்தா அவன் ஏன் இன்னும் அங்கயே நிக்கிறான்?" என்பார்.

ஒரு மழை நாளில் அந்த வளைவில் கதவு திறந்ததும் உண்மையிலேயே ஒருவர் ஏறினார். மச்சான் முகத்தில் ஈயாடவில்லை. ஏறியவர் நரைத்த தலையுள்ள ஓர் அம்மாள். நான் டிக்கெட் நீட்டினேன். வாங்கவில்லை.

"இங்க விழுந்தவன் என் மகன்," என்று மட்டும் மச்சானிடம் சொன்னார்.

மச்சான் இருக்கையைவிட்டு எழுந்துவிட்டார். "அம்மா, கண்ணாடியில பாத்தேன். ஓடி வந்தான். நான் நிறுத்தலம்மா."

"தெரியும். எதிர் வீடுதான். ஜன்னல்ல நின்னு நானும் பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

அந்த அம்மாள் காலி இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"உங்கள மன்னிக்க எனக்கு லேசுல வரல. அழுது புரண்டுதான் வந்துச்சு. மன்னிச்சிட்டேன்னு கடவுள்கிட்ட சொல்லியாச்சு. ஆனா நீங்க தினமும் இங்க பிரேக் போடுறீங்க. அந்தச் சத்தம் கேட்டதும் என் பிள்ளை மறுபடி ஓடி வர்றான், மறுபடி விழுறான். தினமும் அவன சாகக் கொடுக்க என்னால முடியலய்யா. கடவுள் மன்னிச்சார்னு நம்புங்க. நம்பி, நிறுத்தாம போங்க."

இறங்கிப் போய்விட்டார். மச்சானுக்கு அதுவரை இது தோன்றவே இல்லை. தன்னைத்தானே தண்டித்துக்கொள்வதாக நினைத்து அவர் அந்தத் தாயைத்தான் தண்டித்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் பாலம் தாண்டும்போது நான் முன்னால் போய் அவர் பக்கத்தில் நின்றேன்.

"நிக்கிறான்டா மாப்ள. கைய நீட்டுறான்."

சாலையில் எனக்கு யாரும் தெரியவில்லை. "நிறுத்தப் போறீங்களா?" என்றேன்.

அவர் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. வளைவில் ஓரமாக யாரோ நிற்பதுபோல ஸ்டியரிங்கைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்தார். கால் மட்டும் பிரேக்கைத் தொடவில்லை.

"மன்னிச்சேன்னு சொன்னவரு பொய் சொல்லமாட்டாருடா," என்றார். "அவன் நிக்கட்டும். நான் போறேன்."