தறிக்காலில் ஒரு செருப்பு

போன வியாழக்கிழமை வெறுங்காலோடு வீடு திரும்பினேன். செருப்பைக் கோயில் வாசலில் தொலைக்கவில்லை... ஒரு தறிக்குக் கொடுத்துவிட்டு வந்தேன்.

சரோஜா அம்மா வீட்டுத் தறி, அவர் மாமனாரின் அப்பா காலத்தது. மிதிக் கயிறு அறுந்துவிட்டது என்று, தறி பழுது பார்க்கிற என்னைச் செவ்வாய்க்கிழமை கூப்பிட்டார். தறியில் ஓடிக்கொண்டிருந்தது அவர் மகளுக்கான முகூர்த்தப் புடவை. இன்னும் ஒரு முழம் பாக்கி. ஞாயிறு கல்யாணம்.

கயிறு மாற்ற அரை மணி நேரம். அதோடு கிளம்பியிருக்கலாம். தறிக்குக் கீழே, மிதிக்கிற குழியையும் கூட்டினேன். தறியின் இடது காலுக்கு அடியில் ரப்பர் செருப்புத் துண்டு! ஆயுத பூஜைக்கு மாலை போடுகிற தறியில் செருப்பா? சொன்னால் அந்த அம்மாவுக்குச் சங்கடம். தறிக்காலை லேசாக நெம்பி, உருவிக் குப்பையில் போட்டேன்.

மறுநாள் அந்த அம்மாவிடமிருந்து போன்.

"அண்ணா, நாடா இடப்பக்கம் ஓடி கீழ விழுது. பட்டு இழையெல்லாம் அறுந்துக்கினு வருது."

ஊடு நூலை இழுத்துக்கொண்டு குறுக்கே ஓடுகிற அந்த மர நாடாவை இழைத்தேன். அது போய் நிற்கிற பெட்டியை மாற்றினேன். சீப்பு மாதிரி இருக்கிற அச்சைக் கழற்றி மாட்டினேன். ஒன்றரை நாள்! நாடா விழுந்துகொண்டே இருந்தது. அந்த அம்மா அறுந்த இழைகளை முடிந்துகொண்டே இருந்தார். என் முதுகு என்னுடையதாக இல்லை.

வியாழன் மதியம் கல்யாணப் பெண் டீ கொண்டுவந்தாள். குழியை எட்டிப் பார்த்தாள்.

"யம்மா, இங்க இருந்த செருப்பு எங்க?"

"வாய மூடுடி. அண்ணன் என்னா நெனைப்பாரு?"

"நெனைச்சா நெனைக்கட்டும்மா. தறியே சாஞ்சுக்கினு இருக்குது, பாரு!"

டீயைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். நாடா ஓடுகிற அச்சுப்பலகை மேலிருந்து ஊஞ்சல் போலத் தொங்குகிறது. ஒரு கால் அரை விரல் இறங்கினால் பலகையும் சாயும். நாடா பள்ளம் பார்த்துத்தானே ஓடும்?

"நாந்தான் எடுத்துப் போட்டேம்மா," என்றேன்.

"காணோம்னு மொத நாளே பாத்தேண்ணா. போன மழைக்காலத்துல தறிக்கால் எறங்கிடுச்சின்னு நாந்தான் வெச்சேன். தறிக்குச் செருப்பு வெச்சவன்னு சொல்லிடுவீங்களோன்னு... கேக்கல."

அவருக்குக் கேட்க வெட்கம். எனக்குச் சொல்ல வெட்கம். நடுவில் அறுந்தது பட்டு.

குப்பை வண்டி போய்விட்டிருந்தது. மரத்துண்டு வைத்தேன் — அதிர்வில் நழுவியது. வாசலில் என் செருப்பு கிடந்தது. அதன் குதிகால் பக்கத்தை அறுத்துத் தறிக்காலுக்கு அடியில் சொருகினேன். நாடா நேராக ஓடியது.

வெள்ளி மாலை புடவையை நெய்து முடித்துத் தறியிலிருந்து அறுத்துவிட்டார்கள். நானோ முந்தின நாளே, உருகுகிற தாரில், ஓரிக்கையில் இருக்கிற என் வீடு வரை நடந்திருந்தேன்.

பேசாமல் இருந்தது வாய்... வெந்தது கால்!