செருப்பைப் பார்த்துவிட்டுத்தான் பேப்பர் ஒட்டுவோம்

நம்பாதவர்கள் பிள்ளைப்பாக்கம் வந்து சபாபதி அண்ணனைக் கேட்டுக்கொள்ளலாம். நாற்பது வயதுக்கு மேல் எழுத்துக் கூட்டிப் படித்தவன் நான். கதை கட்டத் தெரியாது. நடந்ததை நடந்த மாதிரி எழுதுகிறேன். அதுவும் ராத்திரியில் இல்லை, பட்டப்பகலில் நடந்தது. போன மே மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை.

என் பெயர் இசக்கிபாண்டி. ஊர் வள்ளியூர்ப் பக்கம். ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்டில் லோடு தூக்குகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பிள்ளைப்பாக்கத்தில் விமல்ராஜ் வைத்திருக்கும் பெயின்டிங் ஷெட்டில் வேலை. பழைய கார்களைப் புதுசாக்குகிற ஷெட் அது.

அதிலும் கான்டெசா என்றால் இப்போது பைத்தியமாக அலைகிறார்கள். முன்பெல்லாம் காயலான் கடைக்காரன்கூட மூஞ்சியைத் திருப்பிக்கொள்வான். இப்போது போனில் வீடியோ பார்த்துவிட்டுப் பையன்கள் ஷெட் வாசலில் வந்து நிற்கிறார்கள். அவர்கள் பால் குடிக்கிற வயதில் ஓய்ந்துபோன வண்டி!

மணிகண்டபிரபு அப்படி வந்தவர்தான். ஒரகடத்தில் இன்ஜினியர். வேலை பார்ப்பது புதுக் கார் செய்கிற கம்பெனியில், ஆசை மட்டும் பழசின் மேல். வாலாஜாபாத்தில் மூடிக்கிடந்த ரைஸ் மில்லில் இருந்து ஒரு கறுப்புக் கான்டெசாவைக் கிளப்பிக்கொண்டு வந்துவிட்டார். கல்யாணத்துக்கு அதில்தான் போக வேண்டுமாம்.

"பொண்ணு இன்னும் பாக்கல பாண்டி. காரு மட்டும் ரெடியாகுது" என்று சிரிப்பார் சபாபதி அண்ணன். அவர்தான் பெயின்டர்.

வண்டியில் ஒரே தொல்லை, டிக்கி திறக்கவில்லை. துருப்பிடித்து உடம்போடு உடம்பாக ஒட்டிக் கிடந்தது. "கடைசில அறுத்துக்கலாம், வுடு" என்றார் அண்ணன்.

எங்கள் ஷெட்டில் ஒரு வழக்கம் உண்டு. வண்டிக்குள் வேலை செய்கிறவன் செருப்பைக் கதவோரம் கழற்றிவிட வேண்டும். பெயின்ட் அடிக்கும் முன் கண்ணாடிகளுக்குப் பேப்பர் ஒட்டுவோம், கதவு இடுக்குக்கு டேப். ஒட்டுகிறவர் முதலில் தரையைத்தான் பார்ப்பார். செருப்பு கிடந்தால் உள்ளே ஆள் உண்டு. ஏனென்றால் கதவின் உள்பக்கக் கைப்பிடிகளையும் கண்ணாடி இறக்குகிற பிடிகளையும் அதற்குள் கழற்றிப் பாலிஷுக்கு அனுப்பியிருப்போம். கதவு மூடிவிட்டால் உள்ளே இருக்கிறவனால் திறக்க முடியாது.

மதியம் 1:10. நீலப் பட்டை போட்ட என் செருப்பைக் கதவோரம் கழற்றினேன். பின்பக்கம் ஏறி, கதவை லேசாகச் சாத்திக்கொண்டேன். டிரைவர் சீட்டைத் தவிர மற்ற சீட்டெல்லாம் வெளியே. தரையில் படுத்து, பழைய கார்ப்பெட் பசையைச் சுரண்டினேன். ராத்திரி முழுக்க லோடு தூக்கிய உடம்பு... கண் அசந்துவிட்டது.

முழித்தபோது மங்கல். கைக்கடிகாரத்தில் 2:05. எல்லாக் கண்ணாடியிலும் பேப்பர். கதவைத் தள்ளினேன். அசையவில்லை.

"அண்ணே! சபாபதியண்ணே!"

பதில் இல்லை. சாப்பிடப் போயிருப்பார். என் போன் விமல்ராஜ் ரூமில் சார்ஜில் கிடக்கிறது. மேலே தகரக் கூரை. கார் அடுப்பு மாதிரிக் கொதித்தது. சுரண்டுகிற தகட்டால் கண்ணாடியை அடித்தேன். தகடுதான் வளைந்தது.

பதறினால் இருக்கிற மூச்சும் தீர்ந்துவிடும் என்று தோன்றியது. மனதை அடக்க, கண்ணாடியில் ஒட்டிய பேப்பரை எழுத்துக் கூட்டி வாசித்தேன். மனை விளம்பரம். 'காற்றோட்டமான வீட்டு மனைகள்...' சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது.

2:20.

டொக்... டொக்... டொக்.

அப்பாடா, ஆள் வந்துவிட்டது! நானும் பதிலுக்கு மூன்று முறை தட்டினேன்.

டொக்... டொக்... டொக்.

சத்தம் வெளியே இருந்து வரவில்லை. என் தலைமாட்டில் இருந்து வந்தது.

டிக்கிக்குள் இருந்து.

2:31. தடதடவென்று கம்ப்ரசர் ஓட ஆரம்பித்தது. அண்ணன் வந்துவிட்டார். முன்னால் பெயின்ட் அடிக்கிறார். உஸ்ஸ்... உஸ்ஸ்... கத்தினேன். உதைத்தேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. பெயின்டில் கலக்கிற தின்னர் வாடை உள்ளே இறங்கியது. தொண்டை எரிந்தது. கண் இருட்டியது.

திடீரென்று கம்ப்ரசர் நின்றது. காற்று டேங்க் நிறைந்தால் தானாக நிற்கும். ஒரு நிமிடம் அமைதி.

கிரீச்...

டிரைவர் சீட்டின் ஸ்பிரிங்.

சீட் மெல்ல அமுங்கியது. ஆள் உட்கார்ந்தால் அமுங்குமே... அப்படி.

ஆள் இல்லை.

கத்தவேண்டிய நேரம் அதுதான். எனக்கு வாய் வரவில்லை.

சீட்டில் இருந்து குரல் மட்டும்.

"செருப்பு எங்க...?"

மறுபடி கம்ப்ரசர்.

பின்னால்... தட்!

தட்! தட்!

கதவு திறந்தபோது மணி 2:44.

"அட, இன்னா பாண்டி! நீ எப்ப உள்ள போன?" அண்ணன் என்னைக் கக்கத்தில் கைகொடுத்து வெளியே இழுத்தார். "செருப்பே இல்லியே! பாத்துட்டுத்தானே ஒட்டுனேன்!"

"இங்கனதாம்ணே போட்டிருந்தேன்..."

தரையைப் பார்த்தோம். வெறும் தரை.

"டிக்கி அந்தத் தட்டு தட்டுச்சு. கம்ப்ரசர் சத்தத்துலயும் கேட்டுச்சு. நீதானே தட்டுன?"

நான் டிக்கிப் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

மூன்றாம் நாள் கிரைண்டர் வைத்து டிக்கியை அறுத்தோம். மூடி நிமிர்ந்ததும் அண்ணன் இரண்டடி பின்னால் போனார்.

உள்ளே நீலப் பட்டை போட்ட என் செருப்பு. ஜோடியாக, ஒழுங்காக. பக்கத்தில் காய்ந்து சுருண்ட ஒரு தோல் செருப்பு. அதுவும் ஜோடியாக.

விமல்ராஜ், வண்டியை விற்ற வாலாஜாபாத் மில்காரம்மா ஜெயலட்சுமிக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். டிக்கியில் கிடந்த தோல் செருப்பைப் பற்றிச் சொன்னார்.

"எங்க டிரைவர் சுப்பராயனோடதுப்பா. செருப்ப வெளிய வுட்டுட்டுத்தான் வண்டில ஏறுவாரு, கோயிலுக்குள்ள போற மாதிரி. அன்னிக்கி வண்டிக்குள்ள தூங்கிக்கினு இருந்திருக்காரு. வெளிய செருப்பு இல்ல. ஆளு இல்லன்னு நெனச்சு, உள்ளருந்து தொறக்க வராத அந்த வண்டியையும் ஷெட்டையும் பூட்டிக்கினு கல்யாணத்துக்குப் போய்ட்டோம். மூணு நாள் கழிச்சுதான் தொறந்தோம், வண்டிக்குள்ளயே செத்துக் கெடந்தாரு... செருப்ப எங்க தேடியும் கெடைக்கல."

மணிகண்டபிரபுவிடம் எல்லாவற்றையும் சொன்னோம். அவர் சிரித்தார். "வண்டிக்கு ஒரு கதையும் சேந்துருச்சு. இனிமே இன்னும் மவுசுதாண்ணே" என்றார். டிக்கிக்குப் புது மூடி, புது லாக் போட்டு எடுத்துக்கொண்டு போனார்.

நேற்றுக் காலை 9:40-க்கு எனக்குப் போன் செய்தார்.

"அண்ணே, புதுக் கார்ப்பெட் அழுக்காயிரும்னு செருப்பக் கழட்டிட்டுத்தான் உள்ள ஏறுவேன். இப்ப எறங்கிப் பாத்தா காணோம். நாய்தான் தூக்கிட்டுப் போயிருக்கும்."



"சார்... டிக்கியத் தொறந்து பாத்தியளா?"

"அதுக்குத்தாண்ணே கூப்ட்டேன். புது லாக்குதானே போட்டீங்க? காலைல இருந்து தொறக்கவே மாட்டேங்குது."