ஒரு கிற்றார், பதினேழு பிள்ளைகள்
மகளின் பழைய கிற்றாரைத் துடைத்தபோது விரலில் ஏறிய, துருப்பிடித்த கம்பியின் கறள் மணம், கிளிநொச்சியில் இப்போது இல்லாமற்போன அந்தத் தகரக்கூரை வகுப்பறைக்கு என்னை இழுத்துப்போனது. ஒரே கிற்றாருக்குப் பதினேழு பிள்ளைகள்; அடுத்த வகுப்பு வாய்பாடு சொல்லும் இரைச்சலில் ஒரு சுருதியும் பிடிபடாது; "கம்பியை அமத்துங்கோ, பிடுங்காதேங்கோ!" என்று கத்திக் கத்தியே சங்கீத ரீச்சருக்குத் தொண்டை கட்டிவிடும். நாங்கள் பாடவிருந்த பரிசளிப்பு விழாவுக்கு முதல்நாள், நான் முறுக்கிய முறுக்கில் ஒரு கம்பி அறுந்தது. யாழ்ப்பாணம் போனால்தான் வேறு கம்பி வாங்கலாம்.

"நான்தான் ரீச்சர்," என்று அழுதேன்.

அவர் தலையில் கைவைத்தபடி கதிரையில் இருந்துவிட்டார். பிறகு எழும்பி, "மிச்சம் ஐஞ்சு கிடக்குத்தானே. நாளைக்கு எல்லாரும் சத்தமாப் பாடுங்கோ, ஒருத்தருக்கும் விளங்காது," என்றார்.