என் குரலில் பேசிய அண்ணன்

என் அண்ணனுக்கு மீசை அரும்பிய வயதில் கிடைத்தது ஒரு எட்டு வயதுப் பையனின் கீச்சுக்குரல். என்னுடையதுதான். வடக்கே நாங்கள் அப்போது இருந்த ஆர்.கே.புரம் அரசாங்கக் குவார்ட்டர்ஸில் ஆட்டோ ஹாரனுக்கு அடுத்தபடியாக எல்லோரும் வெறுத்த சத்தம்.

பிறந்ததிலிருந்தே அண்ணனுக்குப் பேச்சு வராது, நடக்கவும் முடியாது. அவனுடைய பள்ளியில் ஒரு டேப்லெட் கொடுத்தார்கள். படத்தைத் தொட்டால் அவனுக்காக அது பேசும். அதிலிருந்த தமிழ் அம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்கு. நம்ம வீட்டுப் பேச்சாவே இல்ல" என்றாள். வீட்டில் ஓயாமல் பேசுகிறவன் நான் என்பதால், குரல் பதியும் வேலை என் தலையில் விழுந்தது. தண்ணி வேணும், பசிக்குது, பாத்ரூம் போணும், டிவி போடு. அம்மா சொல்லச் சொல்ல நான் கத்தினேன்.

யாரும் அவன் கையைப் பிடித்து உதவக் கூடாது, அவனேதான் தொட வேண்டும் என்று டீச்சர் இந்தியில் கண்டித்துச் சொல்லியிருந்தார். கோணிக்கொள்ளும் விரலை இழுத்து இழுத்துப் பழகி, ஒருநாள் அவனாகவே தண்ணி கேட்டான். அம்மா அழுதுகொண்டே டம்ளர் டம்ளராகக் கொடுத்து அவனுக்குப் புரையேற வைத்தாள்.

அந்தக் குளிர்காலத்தில் அப்பாவுக்குக் குவாஹாட்டிக்கு மாற்றல் வந்தது. அண்ணனைத் திருச்சிப் பக்கம் ஒரு இல்லத்தில் சேர்ப்பதென்று பெரியவர்கள் முடிவு செய்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அவன் எதிரில் உட்கார்ந்தார். "அங்க நல்லா பாத்துப்பாங்கடா. லீவுக்கு லீவு நாங்க வந்துடுவோம்."

அண்ணன் தண்ணியைத் தொட்டான். கொண்டுவந்தேன், வாயை இறுக்கிக்கொண்டான். பசிக்குது என்றான். அம்மா தயிர்சாதம் பிசைந்து வந்தாள், முகத்தைத் திருப்பினான். பாத்ரூம் என்றான். அப்பா தூக்கிக்கொண்டு போய்ச் சும்மா திரும்பி வந்தார். டிவி போடு என்றான். போட்டதும் கண்ணை மூடிக்கொண்டான்.

"என்னதான்டா வேணும் உனக்கு?" என்றார் அப்பா.

மிச்சமிருந்தது, அம்மாவுக்குத் தெரியாமல் நான் பதிந்து வைத்திருந்த சிங்க உறுமல். அதைத் தொட்டான். விடாமல் தொட்டான். சளி பிடித்த பூனை போன்ற என் உறுமலைக் கேட்டு அப்பா சிரித்துவிட்டார். அம்மாவும் கண்ணைத் துடைத்தபடி சிரித்தாள். "பாரு, குஷியாயிட்டான்" என்று அப்பா நிம்மதியாக எழுந்து, டிக்கெட் எடுக்கப் போனார்.

கேட்பதற்கெல்லாம் அவனுக்குப் படம் வைத்திருந்தோம். வேண்டாம் என்று சொல்ல ஒன்றுகூட வைக்கவில்லை. அது எனக்குப் புரிய வருஷங்கள் ஆயின. அன்றைக்கோ, வீட்டையே சிரிக்க வைத்தது என் உறுமல்தான் என்று பக்கத்து பிளாக் பையன்களிடமெல்லாம் பீற்றிக்கொண்டிருந்தேன்.