மறுக்கப்பட்ட மனுக்களின் கட்டு

கடலூரில் ஓர் ஆவண அறையில் அந்த எழுத்தரைச் சந்தித்தேன். ஒல்லியான மனிதர். எந்தக் காகிதத்தைத் தொடுமுன்னும் கையைச் சட்டையில் துடைத்துக்கொள்வார். வெள்ளைக்காரர் காலத்தில் வைத்தியம் பார்க்க உரிமம் கேட்டு மறுக்கப்பட்டவர்களைப் பற்றி நான் அண்ணாமலை நகரில் ஆய்வு செய்துகொண்டிருந்தேன். அவர்களுடைய மனுக்களின் கட்டைக் கேட்டபோது, மூன்று நாள் ஏதேதோ சாக்குச் சொன்னார். நான்காம் நாள் கொண்டுவந்து வைத்துவிட்டு, வியர்த்த முகத்தோடு நகராமல் நின்றார்.

“இதுல இருக்கிற பேரெல்லாம் புக்குல வந்துருமா சார்?”

“வரும்.”

“பரங்கிப்பேட்டைக்காரர் மனு ஒண்ணு இருக்கும். எங்க தாத்தாதான். ஊர்ல இன்னமும் எங்க வூட்ட டாக்டர் வூடுன்னுதான் சொல்றாங்க. அடுத்த மாசம் எம்பொண்ணுக்குக் கல்யாணம் சார். மாப்ள வூட்லயும் அப்படித்தான் சொல்லிருக்கோம்.”

“அந்தத் தாளை நீங்க எடுத்திருந்தா எனக்குத் தெரிஞ்சே இருக்காதே?”

“கிழிச்சிடலாம்னு எத்தனையோ தடவ நெனச்சேன். மனசு வரல சார். அவரு கையெழுத்துன்னு இருக்கிறது இது ஒண்ணுதான்.”

என் ஆய்வேட்டில் ஊரை மட்டும் எழுதினேன், பெயரை விட்டுவிட்டேன். அவர் பயந்துகொண்டே காப்பாற்றி வைத்ததை நான் மறைத்தது சரியா என்று இன்றும் எனக்குத் தெரியவில்லை.