தெற்குக் கேற்றின் கயிறு

எங்கள் ஊர் ஸ்டேசனில் தண்டவாளம் இரண்டாகப் பிரிந்து மறுபடி ஒன்றாகும். ஒரு ரயில் ஒதுங்கி நிற்க, மற்றது போகும். அதைத் தவிர இந்த ஊரில் எதுவும் எதற்கும் ஒதுங்கி நான் பார்த்ததில்லை. போரில் பிடுங்கப்பட்ட தண்டவாளம் திரும்பி வந்தபோது தேத்தண்ணிக் கடை இரண்டு, இப்போது ஏழு. கீரிமலைக்குப் போகிறவர்கள் இறங்கியதும் கேட்பது ஓட்டோக்காரர்களின் சண்டையை. கணக்குப் படிப்பித்து ஓய்வு பெற்றவன் நான். எண்ணாமல் இருக்க வராது. போன ஆவணியிலிருந்து கைகலப்பு பதினொன்று, உடைந்த பல் நான்கு.

எல்லாவற்றிலும் மோசம், வீதி தண்டவாளத்தைக் கடக்கிற தெற்குக் கேற். வீதியின் இரு பக்கமும் ஒவ்வோர் இரும்புக் குழாய். கயிற்றை இழுத்துப் பிடித்தால் இரண்டும் இறங்கும், விட்டால் எழும்பும். ஸ்டேசனிலிருந்து பச்சைக் கொடி காட்டிய பிறகுதான் விடலாம். இறங்கியதும் சனம் வரிசையில் நிற்காது. வீதியின் முழு அகலத்தையும் அடைத்துக்கொண்டு எதிரெதிரே நிற்கும். திறந்தால் ஒருவரும் நகர முடியாது. பிறகு ஹோர்ன், பிறகு தூஷணம், பிறகு கை.

அன்று காலை கொழும்பிலிருந்து வந்த ரயில் கேற்றைக் கடந்து ஸ்டேசனில் நின்றது. கேற்காரர் நாள் சம்பளத்துக்கு நிற்பவர், மெலிந்த மனிதர். கயிற்றை விடவில்லை.

"ரெயின் போட்டுது எல்லே, விடடா கயித்தை!" என்றார் மயிலிட்டி மீன் லொறிக்காரர்.

"பொறுங்கோ அண்ணை. வடக்காலை தனி எஞ்சின் ஒண்டு வருதாம்."

"கண்டறியாத எஞ்சின்! என்ரை மீனுக்கு ஐஸ் உன்ரை கொப்பரோ போடுறது?"

"கயிறு குடுத்த உடனை உவருக்குக் கவர்னர் எண்டு நினைப்பு," என்றான் மோட்டார் சைக்கிளில் இருந்த ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

முதல் அடி பிடரியில் விழுந்தது. கேற்காரர் கயிற்றை மணிக்கட்டில் சுற்றிக்கொண்டார். ஐந்து பேர் அடித்தார்கள். ஒருவன் ஹெல்மெட்டால் வாயில் குத்தினான். சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன்.

"விடுங்கோடா அவனை!"

"மாஸ்ரர், நீங்கள் அங்காலை நிண்டு எண்ணுங்கோ," என்று ஒருவன் நெஞ்சில் தள்ளினான். என் கண்ணாடி விழுந்து மிதிபட்டது. லொறிக்காரர் மீன் வெட்டும் கத்தியால் கயிற்றை அறுத்தார்.

லொறி தண்டவாளத்தில் ஏறியது. எதிரே அந்தப் பக்கத்துச் சனம் மதில்போல. பின்னாலும் ஆட்கள். நின்ற ரயிலுக்குப் பக்கத்துத் தண்டவாளத்தால் எஞ்சின் வந்தது. கேற்காரர் வாயில் இரத்தத்துடன் சிவப்புக் கொடியை வீசிக்கொண்டு அதை நோக்கி ஓடினார். வேகம் குறைந்தது, ஆனால் நிற்கவில்லை. லொறியைச் சுழற்றி எறிந்தது. மூன்று மோட்டார் சைக்கிள்கள் லொறிக்கு அடியில் போயின. கவர்னர் என்று பகிடி விட்டவனுடைய கால் முழங்காலுக்குக் கீழே தொங்கியது. ஐஸ் சிவந்தது.

குதித்துத் தப்பிய லொறிக்காரர்தான் முதலில் கத்தினார்: "கேற்றை ஏன்ரா திறந்தனி?"

கேற்காரரைத் திரும்பவும் அடித்தார்கள். இம்முறை ஒன்பது பேர். அந்தப் பக்கத்தாரும் சேர்ந்துகொண்டார்கள்.

பொலிஸிடம் அறுந்த கயிற்றைக் காட்டினேன். "அடிச்சது அஞ்சு பேர். அறுத்தது இவர்."

"கண்ணாடி இல்லாமல் மாஸ்ரருக்கு என்ன தெரியும்?" என்றது ஒரு குரல்.

கேற்காரரைத்தான் ஜீப்பில் ஏற்றினார்கள். ஏறும்போது வீங்கிய வாயால் என்னிடம் சொன்னார்: "பின்னேர ரெயின் இருக்கு ஐயா. ஆரையெண்டாலும் கயித்தைப் பிடிக்கச் சொல்லுங்கோ."

கேட்டுப் பார்த்தேன். ஒருவரும் வரவில்லை. அறுந்த கயிற்றை முடிந்து, இழுத்து, என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். வீதி இரண்டு பக்கமும் முழு அகலத்துக்கு நிறைந்தது. பின்னேர ரயில் கடந்து போயிற்று. ஸ்டேசனிலிருந்து பச்சைக் கொடி இன்னும் காட்டவில்லை.

"மாஸ்ரர்," என்றான் முன்னால் நின்றவன், ஹோர்னிலிருந்து கையை எடுக்காமல், "ரெயின் போட்டுது எல்லே?"